1602/மாஸ்/1998

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உரைக்குத் தலைப்பு கேட்டபோது ஓர் எண்ணைக் கொடுத்தேன். அழைப்பிதழ் அச்சடித்த தம்பி, இது என்ன எண் என்று இரண்டு முறை தொலைபேசியில் கேட்டார். இது ஒரு கோப்பின் எண். நடுவில் இருக்கும் 'மாஸ்' என்பது மெட்ராஸ். 1998 ஜூலை 17 அன்று சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் பதிவான ஒரு விண்ணப்பத்துக்கு இந்த எண்ணை இட்டார்கள். அதற்குப் பிறகு பதினைந்து ஆண்டுகள், ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு வீட்டில் மாதம் பத்தாயிரம் ரூபாய் செலவாகுமா, ஒரு லட்சத்து இருபதாயிரம் செலவாகுமா என்பது இந்தக் கோப்புக்குள் இருந்தது. மருந்து விலை ஏறிக்கொண்டே போகிறது என்று எல்லோரும் சொல்கிறோம். மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது என்று சொல்வது போலச் சொல்கிறோம். விலை தானாக ஏறுவதில்லை, நண்பர்களே. யாரோ எழுதுகிறார்கள், யாரோ கையெழுத்திடுகிறார்கள், மற்றவர்கள் பேசாமல் இருக்கிறார்கள்.

பேசாமல் இருந்தவர்களில் நானும் ஒருவன். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

இருபத்தெட்டு வருடம் மெடிக்கல் கடையில் நின்றவன் நான். அரசு மருத்துவமனைக்கு எதிர்ச்சாரியில் இருந்த கடை. மருந்துச் சீட்டைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தவுடன் மருந்து கேட்பவர்கள் குறைவு. "எவ்வளவு ஆகும்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். தொகையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சு வராது. பிறகு, "பத்து நாளைக்குக் குடுங்க" என்பார்கள். அடுத்து, "அஞ்சு நாளைக்கு." அதற்கும் கீழே, "இதுல முக்கியமானது எதுன்னு பாத்து அதை மட்டும் குடுங்க." மருத்துவர் எழுதிய நான்கு மருந்தில் எது முக்கியம் என்று முடிவு செய்யும் வேலை கல்லாப்பெட்டிக்கு முன்னால் நிற்கிற என்னிடம் வந்து சேரும். கத்தரிக்கோலால் மாத்திரை அட்டையை வெட்டுவேன். காலாவதித் தேதி ஒரு துண்டிலும், மருந்தின் பெயர் இன்னொரு துண்டிலுமாகப் போகும்.

ஓர் அம்மா மாதா மாதம் மகனுடைய வலிப்பு மாத்திரைக்கு வருவார். பூக்கட்டி விற்பவர். பையனுக்குப் பன்னிரண்டு பதிமூன்று வயது இருக்கும். இரண்டு வேளைக்கு இரண்டு மாத்திரை என்று சீட்டில் இருக்கும். ஒரு வருடமாக அவர் மாதம் வாங்கியது முப்பது மாத்திரைதான். பாதிதான் வாங்குகிறார் என்பது என் கண்ணில் பட்டது. அந்த பிராண்டின் விலை அதற்குள் இரண்டு முறை ஏறியிருந்தது. அதே மருந்து வேறு பெயரில் எங்கள் கடையிலேயே பாதி விலைக்கும் குறைவாக இருந்தது. அதே மருந்து சாலையைக் கடந்தால் அரசு மருத்துவமனை மருந்தகத்தில் காசில்லாமலே கிடைத்தது. எனக்கு இரண்டும் தெரியும். கடை இன்னொருவருடையது; சீட்டில் எழுதியதைத்தான் கொடுக்க வேண்டும் என்பது சட்டம்; எனக்கு எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன். பையனுக்குப் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் வலிப்பு வந்து, விழுந்து, முன்பல் உடைந்து, நெற்றியில் தையல் போட்ட பிறகுதான் சொன்னேன். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "முன்னயே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் தேடித்தான் இந்தச் சட்டங்களையும் தீர்ப்புகளையும் படிக்க ஆரம்பித்தேன்.

ஒரே மருந்துக்கு ஏன் பல விலை? கடையில் நின்ற நாளெல்லாம் மக்கள் என்னிடம் கேட்ட கேள்வி இது. இந்தியாவில் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு உச்சவரம்பு விலை உண்டு. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் அதை அறிவிக்கிறது. முன்பு, ஒரு மருந்தைத் தயாரிக்க என்ன செலவாகிறது என்பதை அடிப்படையாக வைத்து விலை குறித்தார்கள். 2013-ல் வந்த மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை அதை மாற்றியது. இப்போது சந்தையில் ஒரு விழுக்காட்டுக்குக் குறையாமல் பங்கு வைத்திருக்கும் பிராண்டுகளின் விலையைக் கூட்டிச் சராசரி பார்த்து, அதோடு கடைக்காரருக்குப் 16 விழுக்காடு சேர்த்தால் அதுவே உச்சவரம்பு. அதாவது, விலை கூடிய பிராண்டுகளே வரம்பையும் மேலே இழுத்துவிடும். மொத்த விலைக் குறியீட்டெண் ஏறினால் வரம்பும் ஏறும். 2022-ல் 10 விழுக்காட்டுக்கு மேல், 2023-ல் 12 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது அப்படித்தான். பட்டியலில் இல்லாத மருந்துகளுக்கோ ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வரை நிறுவனமே ஏற்றிக்கொள்ளலாம். வருடத்துக்குப் பத்து என்றால் கேட்கச் சிறிதாக இருக்கும். கூட்டுவட்டி தெரிந்தவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏழெட்டு வருடத்தில் இரண்டு மடங்கு. ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மாத்திரைக்கு ஏழெட்டு வருடம் ஒரு பொருட்டே இல்லை.

இதெல்லாம் பல நிறுவனங்கள் போட்டி போட்டுத் தயாரிக்கும் மருந்துகளின் கதை. ஒரே ஒரு நிறுவனம் மட்டும் தயாரிக்கலாம் என்று சட்டம் சொல்லும் மருந்தின் விலைக்கு வரம்பு என்ன? அங்கேதான் நம் கோப்பு வருகிறது.

நாள்பட்ட மைலாய்டு லுக்கீமியா என்று ஒரு ரத்தப் புற்றுநோய். நம் நாட்டில் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருப்பவர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. குடும்பத்தில் சம்பாதிக்கும் ஆளைப் பிடிக்கிறது. 1960-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் என்ற இருவர், இந்த நோயாளிகளின் அணுக்களில் ஒரு குரோமோசோம் வழக்கத்தைவிடக் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். 1973-ல் ஜேனட் ரவ்லி என்ற அம்மையார், ஒன்பதாம் குரோமோசோமும் இருபத்திரண்டாம் குரோமோசோமும் தங்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டதால் வந்த வினை இது என்று காட்டினார். அந்த மாற்றத்தால் பிறக்கும் ஒரு புரதம், ரத்த அணுக்களை ஓயாமல் பெருகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தப் புரதத்தின் வாயை அடைக்க ஒரு மூலக்கூறு கிடைத்தால் போதும். சுவிட்சர்லாந்தின் சீபா-கைகி நிறுவனத்தில் நிக்கோலஸ் லிடனும் அவருடைய சகாக்களும் அதைத் தேடினார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பிரையன் ட்ரூக்கர் என்ற மருத்துவர் அதை நோயாளிகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கத் தொடர்ந்து போராடினார். அதுதான் இமாட்டினிப். நோவார்ட்டிஸ் நிறுவனம் கிளிவெக் என்ற பெயரில் கொண்டு வந்தது. 2001 மே மாதம் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அதற்கு முன் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு வழியில்லாதவர்கள் சில ஆண்டுகளில் இறந்துபோவார்கள். அதற்குப் பின் தினம் ஒரு வேளை மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைக்கிறார்கள். மருந்தாளுநர் என்ற முறையில் சொல்கிறேன், என் ஆயுளில் வந்த மருந்துகளில் நான் கையெடுத்துக் கும்பிடுவது இதைத்தான்.

ஆனால் தினமும் போட வேண்டும். வாழ்நாள் முழுக்க. அப்போது நோவார்ட்டிஸ் விலை மாதம் ரூ. 1,20,000.

இந்திய நிறுவனங்கள் அதே இமாட்டினிப்பை மாதம் எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாய்க்குச் செய்தன. எப்படி முடிந்தது? அதற்கு நாம் ஒரு தமிழருக்கு நன்றி சொல்ல வேண்டும். நம்மில் பெரும்பாலோருக்கு அவர் பெயர் தெரியாது. நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார். சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தவர், பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர். இந்தியாவின் காப்புரிமைச் சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று 1959-ல் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அப்போது நாம் வைத்திருந்தது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளில் எண்பது, தொண்ணூறு விழுக்காடு வெளிநாட்டாரிடம் இருந்தன; அவற்றிலும் மிகப் பெரும்பாலானவை இங்கே உற்பத்திக்கே வரவில்லை என்று அவர் எடுத்துக்காட்டினார். இந்தியாவில் மருந்து விலை உலகிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று என்று அமெரிக்க செனட்டின் கெஃபாவர் குழுவே சொன்ன காலம் அது. ஐயங்கார் அறிக்கையின் வழியில் 1970-ல் புதிய சட்டம் வந்தது. உணவுக்கும் மருந்துக்கும் பொருளின் மேல் காப்புரிமை கிடையாது. தயாரிக்கும் முறைக்கு மட்டும்தான், அதுவும் சில ஆண்டுகளுக்குத்தான். வேறு முறையில் அதே மருந்தைச் செய்ய யாருக்கும் தடை இல்லை. இந்திய மருந்துத் தொழில் வளர்ந்தது இந்த ஒரு பிரிவின் நிழலில். 2001-ல் சிப்லா நிறுவனம் எய்ட்ஸ் கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்று அறிவித்தபோது, மேலை நாடுகளில் அதன் விலை பத்தாயிரம் டாலருக்கு மேல். ஆப்பிரிக்காவில் அதனால் பிழைத்தவர்களுக்குச் சென்னையும் தெரியாது, ஐயங்காரும் தெரியாது. அறிக்கை எழுதியவரின் பேனா அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

1995-ல் உலக வர்த்தக அமைப்பில் இந்தியா சேர்ந்தது. பத்து வருடத்துக்குள் பொருள் காப்புரிமையைக் கொண்டுவந்தாக வேண்டும். அதுவரை வரும் விண்ணப்பங்களை வாங்கி ஒரு பெட்டியில் போட்டு வைக்க வேண்டும். அஞ்சல்பெட்டி என்றே அதற்குப் பெயர். 1602/மாஸ்/1998 அந்தப் பெட்டியில் கிடந்தது. இமாட்டினிப் மூலக்கூறுக்கு வெளிநாடுகளில் 1993-லேயே விண்ணப்பித்துவிட்டார்கள். சென்னையில் நோவார்ட்டிஸ் கேட்டது அதன் உப்பு ஒன்றின் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்கு, 'பீட்டா' படிகம். பனங்கற்கண்டு வேறு, கருப்பட்டி வேறு என்று சொன்னாலும் உள்ளே இனிப்பு ஒன்றுதான் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, ஏறக்குறைய அப்படி.

பெட்டி திறப்பதற்கு முன்பே, 2003 நவம்பரில், அந்த நிறுவனத்துக்குத் தனிச்சந்தை உரிமை என்ற இடைக்கால உரிமை கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றம் போனார்கள். பம்பாய் உயர் நீதிமன்றம் தடை கொடுக்கவில்லை. நம் சென்னை உயர் நீதிமன்றம் 2004-ல் கொடுத்தது. பல இந்திய நிறுவனங்கள் இமாட்டினிப் தயாரிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. பத்தாயிரத்துக்குக் கிடைத்த மருந்து கடையில் இல்லை. சென்னை என்றாலே நல்லது நடந்த இடம் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். இதே ஊரில்தான் கதவு சாத்தப்பட்டது.

கதவைத் தட்டியவர்கள் யார்? மும்பையில் இருக்கும் கேன்சர் பேஷன்ட்ஸ் எய்டு அசோசியேஷன். புற்றுநோயாளிகளுக்கு மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் உதவி செய்யும் தொண்டு அமைப்பு. அவர்கள் வழக்கறிஞர்களை வைத்து, சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில், இந்த விண்ணப்பத்துக்கு உரிமை கொடுக்கக் கூடாது என்று எதிர்மனு போட்டார்கள். இந்திய நிறுவனங்கள் சிலவும் போட்டன. அவர்களுக்கு வியாபார நோக்கம் இருந்தது, அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. நோயாளிகளின் பக்கம் நின்று ஒரு காகிதத்தை நீட்டியது அந்தத் தொண்டு அமைப்பு.

அந்தக் காகிதத்துக்கு உயிர் கொடுத்தது ஒரு சின்ன உட்பிரிவு. 2005-ல் பொருள் காப்புரிமையைத் திரும்பக் கொண்டுவரும் திருத்தம் நாடாளுமன்றத்தில் வந்தபோது, இடதுசாரிக் கட்சிகள் பிடிவாதமாக நின்றதால் 3-வது பிரிவின் (டி) உட்பிரிவு இப்போதிருக்கும் உருவில் சேர்ந்தது. தெரிந்த ஒரு பொருளின் புதிய வடிவத்துக்கு, அதன் பலன் குறிப்பிடத்தக்க அளவு கூடியிருந்தாலொழியக் காப்புரிமை இல்லை. இருபது வருட உரிமை முடியும் நேரத்தில் மருந்தைச் சிறிது மாற்றி, இன்னொரு இருபது வருடம் கேட்பதைத் தடுக்கும் வேலி அது.

2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. நிறுவனம் அந்த உட்பிரிவே செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2007 ஆகஸ்ட் 6 அன்று நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் இருவரும் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள். குடிமக்களுக்கு உயிர்காக்கும் மருந்து எளிதில் கிடைக்கச் செய்வதும், நல்ல மருத்துவ வசதி தருவதும் அரசியலமைப்பு அரசுக்கு இட்ட கடமை என்பதைத் தீர்ப்பில் நினைவுபடுத்தினார்கள். அடுத்து வழக்குப் போனது அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்கு. அதன் தலைமையிடமும் அப்போது சென்னையில்தான் இருந்தது. 2009-ல் அவர்களும் மறுத்தார்கள்; மாதம் 1,20,000 ரூபாய் என்பது ஏழைப் புற்றுநோயாளிக்கு எட்டவே எட்டாது என்று விலையையே ஒரு காரணமாக எழுதினார்கள். கடைசியில் உச்ச நீதிமன்றம். 2013 ஏப்ரல் 1. நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய். புதிய படிகம் உடலில் முப்பது விழுக்காடு கூடுதலாகச் சேர்கிறது என்று நிறுவனம் வாதிட்டது. சேரட்டும், நோயைக் குணமாக்கும் பலன் கூடியதா? மருந்து விஷயத்தில் பலன் என்றால் சிகிச்சைப் பலன்தான் என்றது நீதிமன்றம். கோப்பு மூடப்பட்டது.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த நிறுவனம் இந்தியாவில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு மருந்தை இலவசமாகக் கொடுத்ததாகச் சொன்னது. கொடுக்கவும் செய்தது. அதனால் பிழைத்தவர்கள் உண்டு. அவர்களுக்கு அது தெய்வம் தந்த வரம். ஆனால் வாசலில் நின்று வாங்குவதற்கும், கடையில் போய்க் காசு கொடுத்து வாங்குவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. முதலாவது கொடுப்பவர் மனம் இருக்கும் வரை. வருமானச் சான்று கேட்பார்கள், கணக்கு கேட்பார்கள். கையில் பத்தாயிரம் சம்பாதித்துச் சேர்த்து வைத்திருக்கும் மனிதர் எதற்காக இன்னொருவர் மனம் இரங்கக் காத்திருக்க வேண்டும்?

ஆராய்ச்சிக்கு ஆன செலவை எடுக்க வேண்டாமா என்று கேட்கிறார்கள். வேண்டும். நானும் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குட்டைக் குரோமோசோமைக் கண்டவர்களும், ஜேனட் ரவ்லியும் பல்கலைக்கழகங்களிலும் பொது ஆய்வு நிலையங்களிலும் வேலை பார்த்தவர்கள். ட்ரூக்கரின் ஆய்வுக்கூடம் பெரும்பாலும் அரசும் அறக்கட்டளைகளும் கொடுத்த பணத்தில் நடந்தது. அமெரிக்காவிலேயே என்ன நடந்தது பாருங்கள். 2001-ல் ஆண்டுக்கு ஏறக்குறைய 30,000 டாலர். போட்ட முதலை எடுத்த பிறகு குறைந்திருக்க வேண்டும் அல்லவா? 2012-ல் அது ஏறக்குறைய 92,000 டாலர். மாத்திரை அதேதான். 2013-ல் இந்த நோய்க்கு வைத்தியம் பார்க்கும் நிபுணர்கள் நூறு பேருக்கு மேல் சேர்ந்து 'பிளட்' என்ற மருத்துவ இதழில், இந்த விலைகள் அறத்துக்கு அடுக்காதவை என்று எழுதினார்கள். எழுதியவர்களில் ட்ரூக்கரும் ஒருவர். மருந்தைக் கொண்டுவந்தவரே கேட்கிறார் என்றால், செலவை எடுக்கும் விலை அது என்று என்னால் ஏற்க முடியவில்லை.

சட்டத்தில் இன்னொரு கதவும் உண்டு. கட்டாய உரிமம். காப்புரிமை பெற்ற மருந்து நியாயமான விலையில் மக்களுக்குக் கிடைக்கவில்லை என்றால், அதை வேறொருவர் தயாரிக்க அரசு அனுமதிக்கலாம். ஈரல், சிறுநீரகப் புற்றுநோய்க்கான நெக்சவார் என்ற மருந்து மாதம் ரூ. 2,80,428-க்கு விற்றது. அது தேவைப்பட்டவர்களில் இரண்டு விழுக்காட்டினருக்குத்தான் போய்ச் சேர்ந்தது. 2012 மார்ச்சில் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் பி.எச். குரியன், ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தார். விலை ரூ. 8,880-க்கு மேல் போகக் கூடாது, காப்புரிமைக்காரருக்கு ஆறு விழுக்காடு ராயல்டி தர வேண்டும். பேயர் நிறுவனம் மேல்முறையீடு செய்தது. அப்போது சென்னையில் இருந்த அந்த மேல்முறையீட்டு வாரியத்தின் தலைவர் அதே பிரபா ஸ்ரீதேவன். உரிமத்தை உறுதி செய்தார், ராயல்டியை ஏழு விழுக்காடாக உயர்த்தினார். எழுத்தாளர் சூடாமணியின் கதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர் அவர் என்பதை இலக்கிய வாசகர்கள் அறிவீர்கள். இந்த நூலகத்தில் அவர் பெயரை உரக்கச் சொல்வதில் எனக்கு ஒரு நிறைவு. நெக்சவார் பல பேருக்கு ஆயுளைச் சில மாதங்கள்தான் நீட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சில மாதங்களுக்காக வீட்டை விற்கவும் ஆள் இருந்தது. அதனால்தான் அந்த விலையை வைக்க முடிந்தது.

சமீபத்தியதற்கு வருகிறேன். முதுகெலும்புத் தசைநார்ச் சிதைவு நோய் என்று இப்போது நாளிதழ்களில் படிக்கிறோம். ஒரு குழந்தையின் ஊசிக்கு 16 கோடி ரூபாய் வேண்டும் என்று ஊர் ஊராக உண்டியல் ஏந்தினார்கள். நம் மாநிலத்திலும் நடந்தது. பெற்றவர்கள் குழந்தையின் முகத்தைச் சுவரொட்டியில் போட்டு, முன்பின் தெரியாதவர்களிடம் கையேந்தினார்கள். அதே நோய்க்கு வாய்வழியாகக் கொடுக்கும் ரிஸ்டிப்லாம் என்ற மருந்து, ஒரு புட்டி ஆறு லட்சம் ரூபாய் அளவில் விற்றது. வளர்ந்த பிள்ளைக்கு வருடத்துக்கு முப்பது புட்டி வரை ஆகும். நாட்கோ தயாரிக்க முன்வந்தபோது ரோச் நிறுவனம் தடை கேட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தடை தர மறுத்தார். காப்புரிமையே செல்லுமா என்பதில் ஐயம் இருக்கிறது என்றார். அக்டோபரில் இரு நீதிபதிகள் அமர்வும் மறுத்தது. அதே மாதம் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. நாட்கோவின் மருந்து ரூ. 15,900 விலையில் வந்தது. ஆறு லட்சம் எங்கே, பதினாறாயிரம் எங்கே? நடுவில் இருந்த அத்தனையும் என்ன? மருந்து இல்லை. அந்தப் பணத்துக்கு ஒரு சொட்டு மருந்துகூட இல்லை.

மலிவு என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டு நின்றாலும் ஆபத்து உண்டு, அதையும் நான் கடையில் பார்த்திருக்கிறேன். விலை மிகவும் இறங்கிவிட்டால் தயாரிப்பவர்கள் கைவிட்டுவிடுவார்கள். பென்சிலின் ஊசி, அட்ரோபின், ஸ்ட்ரெப்டோமைசின், லித்தியம் மாத்திரை போன்ற எட்டு மருந்துகளுக்கு 2024 அக்டோபரில் விலை ஆணையமே உச்சவரம்பை ஐம்பது விழுக்காடு உயர்த்த வேண்டி வந்தது. கட்டுப்படியாகவில்லை என்று நிறுவனங்கள் நிறுத்தத் தொடங்கியிருந்தன. ருமாட்டிக் காய்ச்சல் வந்த குழந்தைகளின் இதயத்தைக் காக்கும் பென்சிலின் வகை கிடைக்காமல் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். ஆகவே விலை நியாயமாக இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். தயாரிப்பவர் பிழைக்கவும் வேண்டும், வாங்குபவர் பிழைக்கவும் வேண்டும்.

அந்த நியாயத்தை நடைமுறையில் காட்டியது நம் மாநிலம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் தொடங்கியது. அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்தை மூலப்பெயரில், மொத்தமாக, திறந்த ஒப்பந்தப்புள்ளி மூலம் வாங்குவது. மாவட்டக் கிடங்குகளில் வைப்பது. ஒவ்வொரு தொகுதியையும் ஆய்வுக்கூடத்தில் சோதித்த பிறகே அனுப்புவது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம் போல ஒரு பாஸ்புக் கொடுப்பது. வெளியே கடையில் நாங்கள் விற்கும் விலையையும் அவர்கள் வாங்கும் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பூக்காரம்மாவின் மகன் பிறகு சாப்பிட்டு வளர்ந்தது அந்த மாத்திரைதான். வலிப்பு வரவில்லை. 2025 பிப்ரவரியில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்களும் திறந்திருக்கிறார்கள். நாடு முழுக்கச் சேர்த்துப் பார்த்தால், மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து போடும் பங்கு 2014-15-ல் 62 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது, 2021-22-ல் 39 அளவுக்கு இறங்கியிருக்கிறது என்று தேசிய சுகாதாரக் கணக்கு சொல்கிறது. இறங்கியது நல்லது. நூறு ரூபாயில் முப்பத்தொன்பதைக் கூலிக்காரர் தன் மடியிலிருந்து எடுக்கிறார் என்பதும் அதே கணக்குதான்.

இப்போது எனக்கு உள்ள கவலையைச் சொல்கிறேன். 2012-க்குப் பிறகு இந்தியாவில் ஒரு கட்டாய உரிமம்கூட வழங்கப்படவில்லை. காப்புரிமை பெற்றவர்கள் அந்தப் பொருளை இங்கே எந்த அளவுக்குக் கொண்டுவந்தார்கள் என்று ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும் என்று இருந்தது. நெக்சவார் இரண்டு விழுக்காட்டினருக்குத்தான் போனது என்று நிரூபிக்க உதவியது அந்த மாதிரி அறிக்கைதான். 2024 மார்ச்சில் விதிகளைத் திருத்தி, அதை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை என்று ஆக்கிவிட்டார்கள். உரிமை வழங்குவதற்கு முன் எதிர்மனு போடுவதற்குக் கட்டணம் இல்லாமல் இருந்தது. இப்போது கட்டணம் உண்டு. மனுவை ஏற்பதா என்பதையே முதலில் அதிகாரி முடிவு செய்வார். 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம், கட்டாய உரிமத்தைவிட நிறுவனங்கள் தாமாக முன்வந்து தரும் உரிமமே சிறந்த வழி என்று சொல்கிறது. சட்டப் புத்தகத்தில் 3(டி) அப்படியே இருக்கிறது. அதைச் சுற்றியிருக்கும் படிகளை ஒவ்வொன்றாக உயரமாக்கிக்கொண்டு வருகிறார்கள். இது தவறு என்று நான் நினைக்கிறேன்; நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதைக் கேட்க வேண்டும்.

அவர்கள் கேட்கும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. காப்புரிமைச் சட்டத்தின் 25(1) பிரிவு, உரிமை வழங்குவதற்கு முன் எழுத்து மூலம் எதிர்ப்புத் தெரிவிக்கும் தகுதி யாருக்கு என்று சொல்கிறது. மருத்துவருக்கு என்று இல்லை. வழக்கறிஞருக்கு என்று இல்லை. எவரும் என்று இருக்கிறது. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு பெடாகுவிலின் என்ற மாத்திரை வந்தது. அதன் உப்பு வடிவத்துக்கு நீட்டிப்பு உரிமை கேட்டு ஜான்சன் அண்ட் ஜான்சன் விண்ணப்பித்தபோது, எதிர்மனு போட்டவர்கள் காசநோயிலிருந்து பிழைத்த இரண்டு பெண்கள்: மும்பையின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலே. பழைய ஊசி மருந்துகளால் இருவருக்கும் காது கேட்காமல் போயிருந்தது. தமக்கு நேர்ந்தது அடுத்தவருக்கு நேரக் கூடாது என்று கையெழுத்திட்டார்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் அந்த விண்ணப்பத்தை நிராகரித்தது.

இந்த அரங்கில் சட்டம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறீர்கள். பின்வரிசையில் மருந்தியல் கல்லூரி மாணவிகள் வந்திருப்பதாகச் சொன்னார்கள். உங்களுக்கு மூலக்கூறு தெரியும், அவர்களுக்குப் பிரிவு தெரியும்; சேர்ந்து உட்காருங்கள். விண்ணப்பங்கள் பதினெட்டு மாதத்தில் வெளியிடப்படுகின்றன, காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் படிக்கலாம். தெரிந்த மருந்துக்குப் புது உப்பு, புதுப் படிகம் என்று ஏதாவது கண்ணில் பட்டால் எழுதுங்கள். கடையில் நிற்கப் போகிறவர்கள், அட்டையை வெட்டும் முன் சொல்லுங்கள். சென்னைக் காப்புரிமை அலுவலகம் கிண்டியில், ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது.